மாண்டோ எந்தப் பக்கம்? – குடும்பக் குழு

அரவிந்த்: சித்தப்பா, ‘மாண்டலோரியன்’ ஸ்டார் வார்ஸ் சீரியல் ஹீரோ மாண்டோ ரெட்டை மனசுக்காரன்னு சொல்றீங்களே. முதல் சீசன் மூணாவது எபிசோட்லயே கூலிக்கு ஆள் பிடிக்கறவங்க சங்கமான கில்டை எதிர்த்துட்டு, தான் பிடிச்சு ஒப்படைச்ச குழந்தையையே திரும்பத் தூக்கிட்டு வந்துட்டான். அப்புறம் என்ன ரெட்டை மனசு?

சித்தப்பா: கில்டு வெறும் தொழில்டா. பிடிச்சுக் கொடு, கூலி வாங்கு, எதுக்குன்னு கேக்காத. அதை விடறது சுலபம். அவனுக்கு உயிர் அவனை வளத்த மாண்டலோரியன் கூட்டமும், ஹெல்மெட்டைக் கழட்டக் கூடாதுங்கற அதோட நெறியும். அதுக்கும் குழந்தைக்கும் நடுவுலதான் மாட்டிக்கிறான்.

கவி அக்கா: அந்த மூணாவது எபிசோட்லயே அது ஆரம்பிக்குது. கூலியா வந்த பெஸ்கார் உலோகக் கட்டிகளைக் கூட்டத்துக்குக் கவசம் அடிக்கற ஆர்மரர்கிட்ட கொடுக்கிறான், உருக்கி முழுக் கவசம் அடிச்சுத் தர்றாங்க. ஆதரவத்த பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வைங்கன்னு இவனே சொல்றான். ஒரு பிள்ளையை ஒப்படைச்ச கூலிலேர்ந்து! கடைசி வரைக்கும் அவன் உடம்புல இருக்கறது அந்தக் கவசம்தான்.

சித்தப்பா: ஆமா கவி. அங்கயே ஆர்மரர், அவன் கொன்ன மட்ஹார்ன் மிருகத்தோட முத்திரையைப் போட்டுத் தரேங்கறாங்க. எதிரி உதவி செஞ்சு கொன்னது, எனக்கு வேணாங்கறான். அந்த எதிரி குழந்தைதான். எட்டாவது எபிசோட்ல அதே முத்திரையைத் தோள்ல வாங்கிக்கிறான், ரெண்டு பேர் குலம்னு.

அரவிந்த்: எட்டாவதுல ஹெல்மெட்டும் கழண்டுதே, அப்பவே நெறி போச்சு இல்ல?

கவி அக்கா: இல்லடா. கழட்டினது ஐஜி-11. உயிருள்ள யாரும் முகத்தைப் பாக்கக் கூடாதுங்கறதுதான் விதி, அது டிராய்டு, ரோபோ. தலைக் காயத்துக்கு மருந்து அடிக்கத்தான் கழட்டுது.

சித்தப்பா: நிஜமா உடையறது ரெண்டாவது சீசன் ஏழாவது எபிசோட், 2020 டிசம்பர். மொராக் கிரகம், பேரரசு அதிகாரிங்க சாப்பிடற கூடம். குழந்தையைக் கடத்தின கிடியனோட கப்பல் இருக்கிற இடத்தை அங்க இருக்கிற டெர்மினல்லதான் எடுக்க முடியும், அது முகத்தை ஸ்கேன் பண்ணும். கூட வந்த மேஃபெல்டு, பழைய பேரரசு சிப்பாய், அவன்தான் போகணும். பழைய மேலதிகாரி ஹெஸ் அங்க உக்காந்திருக்கறதைப் பாத்துப் பின்வாங்கறான். அதனால மாண்டோவே போறான். முதல்ல ஹெல்மெட்டோட நிக்கறான், மெஷின் ஏத்துக்கல. கழட்டறான். ஹெஸ் பக்கத்துல வந்து கேட்டா பேச்சே வரல, மேஃபெல்டு ஓடி வந்து சமாளிக்கிறான்.

கவி அக்கா: அதே சீசன் மூணாவது எபிசோட்லயே போ-காட்டான்னு இன்னொரு மாண்டலோரியன் பொண்ணு இவன் முன்னாடி நின்னு சாதாரணமா ஹெல்மெட்டைக் கழட்டிடறா. நீ வளந்தது தீவிரக் கூட்டம்னும் சொல்றா. விரிசல் அங்கயே விழுந்தாச்சு.

அரவிந்த்: அவன் கூட்டம் சும்மா விட்டுச்சா?

சித்தப்பா: இதோட கிளை சீரியல் ‘புக் ஆஃப் போபா ஃபெட்’ அஞ்சாவது எபிசோட் பாரு. கழட்டினியான்னு ஆர்மரர் கேக்கறாங்க. பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாம், ஒத்துக்கிறான். தள்ளி வெச்சுட்டாங்க. அவங்க பூர்வீக கிரகமான மாண்டலோர்ல சுரங்கத்துக்கு அடியில இருக்கற ஜீவ நீர்ல முழுகினாத்தான் மீட்சி. 2023ல வந்த மூணாவது சீசன்ல போய் முழுகறான். பக்கம் மாறினவனா இருந்தா இப்படி மன்னிப்பு தேடி அலைவானாடா? அவனுக்கு ரெண்டும் வேணும், எனக்கு அவனை அதனாலதான் பிடிக்கும்.

கவி அக்கா: அந்த சீசன் முடிவுல அந்தக் குழந்தை க்ரோகுவை முறைப்படி மகனா ஏத்துக்கிட்டு, புதுக் குடியரசு அதிகாரி டீவாகிட்ட போய் காண்ட்ராக்ட் வேலை கேக்கறான். மறுபடியும் கூலிக்குத்தான், ஆனா வேலையைப் பாத்துத்தான் எடுப்பேங்கறான்.

அரவிந்த்: முதல் சீசன் மூணாவது எபிசோட் மறுபடி போடறேன் அக்கா.

சித்தப்பா: குழந்தையை ஒப்படைச்சுட்டு அடுத்த வேலைக்குக் கிளம்ப கப்பலோட லிவர்ல கை வைப்பான் பாரு. லிவர் நுனியில குமிழ் இருக்காது, அதைத் திருகி எடுத்து விளையாடினது குழந்தை. ஒரு வசனம் இல்ல. கையை மட்டும் பாரு.