மொரிஷியஸ், ரோஸ் ஹில் குடும்பக் குழு: தம்பியின் மேல்படிப்பு

அப்பா: எல்லோருக்கும் வணக்கம். நேற்று போர்ட் லூயிஸில் ஒரு ஏஜென்ட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். சின்னவன் மார்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 70 சதவீதம் வாய்ப்பு, அமெரிக்காவின் எம்ஐடிக்கு 40 என்று ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார். 80,000 ரூபாய் கட்டினால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

மாமா: 70 என்றால் நல்லதுதானே மச்சான். கட்டிவிடுங்கள்.

லண்டன் அக்கா: சித்தப்பா, தயவுசெய்து கட்டாதீர்கள். எம்ஐடிக்கு ஒரு வருடத்தில் 28,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள், 1,300 பேர் போலத்தான் இடம் பெறுகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 100க்கு 2 பேர்தான் தேறுவார்கள். அந்த 40 எங்கிருந்து வந்தது? கேம்பிரிட்ஜிலும் கம்ப்யூட்டர் சயின்ஸில் ஒரு இடத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் நிற்கிறார்கள், பெரும்பாலும் தங்கள் பள்ளியில் முதலாவதாக வருகிறவர்கள்.

அம்மா: அப்போ இவனுக்குக் கிடைக்காதா? கிரேடு 7இலிருந்து முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவன்.

லண்டன் அக்கா: கிடைக்காது என்று சொல்லவில்லை சித்தி. மார்க்கை வைத்து மட்டும் யாராலும் சதவீதம் சொல்ல முடியாது, அவ்வளவுதான். கேம்பிரிட்ஜ் கேட்பது மூன்று பாடங்களில் ஏ ஸ்டார், ஏ ஸ்டார், ஏ என்ற கிரேடுகள். அதை எட்டக்கூடியவர்கள்தான் விண்ணப்பமே போடுகிறார்கள். பிரித்தெடுப்பது அதற்கு மேல் வருகிற டிஎம்யூஏ என்ற கணக்குத் தேர்வும் நேர்காணலும். டிஎம்யூஏவில் இரண்டு தாள், ஒவ்வொன்றும் 75 நிமிடம், 20 கேள்வி, கால்குலேட்டர் கூடாது. தம்பி, ஏஜென்ட் அதைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

நான்: இல்லை அக்கா. பெர்சனல் ஸ்டேட்மென்ட், அதுதான் விண்ணப்பத்தில் என்னைப் பற்றி நானே எழுத வேண்டியது, அதை எழுதித் தருவதாகத்தான் சொன்னார்.

லண்டன் அக்கா: அதை யாரும் உனக்காக எழுதித் தரக்கூடாது. சரி, தேதிகளைப் பார். டிஎம்யூஏ அக்டோபரில், பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும். கேம்பிரிட்ஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. நம் பள்ளி இறுதிப் பரீட்சையான எச்எஸ்சியும் அதே அக்டோபர், நவம்பரில்தான். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை அடுத்த மே, ஜூனில், நம் பிள்ளைகள்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். இப்போது ஜூலை, எனக்குக் கவலையெல்லாம் இதுதான்.

பெரியப்பா: இந்த வருடம் எச்எஸ்சியை மட்டும் ஒழுங்காக எழுதட்டும், ரிசல்ட் வந்த பிறகு அடுத்த அக்டோபரில் போடலாமே?

லண்டன் அக்கா: போடலாம் அப்பா, அது தோல்வியும் இல்லை. ஆனால் ஒரு வருடம் போகும். இப்போதே போட்டுப் பார்த்து, கிடைக்காவிட்டால் கையில் மார்க்கோடு மறுபடி போடலாம் என்பது என் எண்ணம். ஒரே வருடத்தில் ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போட முடியாது, அதனால் விண்ணப்பத்தில் இருக்கிற ஐந்து இடத்தில் ஒன்றை அதற்கு வைத்துக்கொண்டு மீதி நான்கு இடத்தை வேறு பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

அப்பா: செலவுக்குப் பயமில்லை. ஃப்ளாக்கில் இருக்கிற நிலத்தை விற்றுவிடலாம்.

லண்டன் அக்கா: சித்தப்பா, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கேம்பிரிட்ஜில் வெளிநாட்டு மாணவருக்கு இந்தப் படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் மட்டும் 40,000 பவுண்டுக்கு மேல். நம் காசில் இருபது லட்சத்தைத் தாண்டும், அப்புறம் சாப்பாடு, தங்குமிடம், மூன்று வருடம். நிலம் ஒரு வருடத்துக்குத் தாங்குமா? தம்பி லாரியேட் ஆனால், அதாவது எச்எஸ்சியில் நாட்டின் முதல் வரிசையில் வந்தால், அரசு உதவித்தொகை வரும், குடும்ப வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கிற பிரிவும் அதில் உண்டு, அதனால் எச்எஸ்சிதான் உங்கள் முதல் பண வழி. அமெரிக்காவில் எம்ஐடி, ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போல சில இடங்கள், வெளிநாட்டுப் பிள்ளை பண உதவி கேட்டான் என்பதற்காகத் தள்ளுவதில்லை, எடுத்துவிட்டால் குடும்பத்தால் முடியாத பங்கை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் உதவி கேட்பதும் கணக்கில் வரும். கார்னகி மெலன் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு பேர்பெற்ற இடம், வெளிநாட்டவருக்கு இளங்கலையில் உதவியே கிடையாது. சீட்டு கிடைத்தும் போக முடியாத இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் எதற்கு?

மாமா: எம்ஐடியில் கம்ப்யூட்டருக்குப் போட்டி ரொம்ப அதிகம், வேறு துறையில் போட்டால் சுலபம் என்று என் ஆபீசில் சொல்கிறார்களே.

லண்டன் அக்கா: மாமா, எம்ஐடி துறை பார்த்துச் சேர்ப்பதில்லை, முதல் வருடம் முடிந்த பிறகுதான் துறையை எடுக்கிறார்கள். கார்னகி மெலன், இல்லினாய் போன்ற இடங்களில்தான் கம்ப்யூட்டருக்கென்று தனி வாசல். எம்ஐடிக்கு எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற நுழைவுத் தேர்வு கட்டாயம், தம்பி இன்னும் எழுதவில்லை. விண்ணப்பத்தில் எழுத அவனிடம் விஷயம் இருக்கிறது என்பதால்தான் ஒரே ஒரு அமெரிக்க இடமாக இதை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நான்: என்ன விஷயம் அக்கா? எனக்கு ஒலிம்பியாட் மெடல் எதுவும் இல்லையே.

லண்டன் அக்கா: தைப்பூசத்துக்குக் காவடிப் பதிவு. முந்தின வருடம் மழையில் நோட்டுப் புத்தகம் நனைந்து மை பரவி, யார் பால் காவடி, யாருக்கு எத்தனை மணிக்கு என்று தெரியாமல் மண்டபத்தில் எல்லோரும் நின்றது நினைவிருக்கிறதா? நீ அதற்கு ஒரு புரோகிராம் எழுதினாய். ஒரே பெயரில் பதினோரு முருகையன்கள் வந்தபோது வீட்டு எண்ணை வைத்துப் பிரித்தாய், ஃபோன் இல்லாத பாட்டிகளுக்குத் துண்டுச் சீட்டு அடித்துக் கொடுத்தாய். அதை அப்படியே எழுது, பெரிய வார்த்தை ஒன்றும் வேண்டாம். பார்க்கிறவர்களுக்கு அது போதும்.

பாட்டி: என் சீட்டை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன் கண்ணு.

அம்மா: நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

லண்டன் அக்கா: கணக்குதான் சித்தி. நானும் அதுவரை போனவள். திரையில் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள், எனக்கு விடை தெரியவில்லை, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பார்க்க நினைத்தது நான் எப்படி யோசிக்கிறேன் என்பதை, நான் அதைக் காட்டவே இல்லை. தம்பி, இது உனக்கு. 1 முதல் 100 வரை எண் எழுதிய சீட்டுகள். எந்த 51 சீட்டை எடுத்தாலும் அதில் ஏதோ ஒரு எண் இன்னொன்றை மீதியில்லாமல் வகுக்கும். ஏன்? யோசிப்பதை எல்லாம் இங்கேயே எழுது.

நான்: முதலில் சின்னதாகப் பார்க்கிறேன். 1 முதல் 10, ஆறு சீட்டு. 6, 7, 8, 9, 10 எடுத்தால் தப்பிக்கிறது, ஆறாவதாக எதை எடுத்தாலும் மாட்டுகிறது. 5 என்றால் 10, 4 என்றால் 8.

நான்: 3 என்றால் 6. எல்லாம் இரட்டிப்பு மாதிரி தெரிகிறது.

அப்பா: ஏஜென்ட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

லண்டன் அக்கா: நன்றி சித்தப்பா. தம்பி, இரட்டிப்பு என்றாயே, அதை விடாதே.

நான்: ஒவ்வொரு எண்ணையும் இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு ஒற்றைப்படை எண் நிற்கும். 100க்குள் ஒற்றைப்படை 50தான். சீட்டு 51. அப்போ இரண்டு சீட்டுக்கு ஒரே ஒற்றைப்படை எண் வந்தே ஆக வேண்டும், அந்த இரண்டில் சின்னது பெரியதை வகுக்கும்!

லண்டன் அக்கா: 50 சீட்டு மட்டும் எடுத்தால்?

நான்: 51 முதல் 100 வரை எடுத்தால் தப்பிக்கலாம். 51ஐ இரட்டித்தாலே 102.

லண்டன் அக்கா: டிஎம்யூஏ பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. 2016 தாளை இன்று இரவு 75 நிமிடம் வைத்து எழுது, தப்பானதை மட்டும் படம் எடுத்து அனுப்பு.