முற்றத்துக்கு மரப்பெரணி: மலையிலிருந்து வந்த தண்டை வாங்கலாமா?

முற்றம்_புதுவை:
புதுச்சேரியில் எங்களுடையது பழைய வீடு. நடுவில் திறந்த முற்றம், ஓரத்தில் கிணறு. சுவர் உயரம் என்பதால் உச்சிப்பொழுது தவிர மற்ற நேரம் நிழல்தான். அங்கே மரப்பெரணி, அதாவது மரம்போல் தண்டு விட்டு உச்சியில் இலை விரிக்கும் பெரணி, வைக்க ரொம்ப நாள் ஆசை. செடி வியாபாரி ஒருவர் இடுப்புயரத் தண்டோடு ஒன்று தருவதாகச் சொல்கிறார். "மலைச் சரக்கு, ஆறு மாதத்துக்கு நான் பொறுப்பு" என்கிறார். வாங்கலாமா?

சோலைக்காடு:
வேண்டாம். அந்த ஆறு மாதக் கணக்கைத்தான் கவனிக்க வேண்டும். நம் மலை மரப்பெரணி சயாத்தியா என்ற பேரினம். அதன் தண்டை அடியோடு அறுத்துத் தொட்டியில் நட்டால், உள்ளே சேர்த்து வைத்த சத்தை வைத்துச் சில மாதம் புதுச் சுருள்களை விடும். வாங்கியவர் பிழைத்துவிட்டது என்று நினைப்பார். அப்புறம் குருத்து கருகும். தொட்டியோடு சாய்த்து அடியைப் பாருங்கள். நர்சரியில் வளர்ந்தது என்றால் தொட்டியின் உட்புறம் முழுக்கக் கறுப்பு வேர் சுற்றியிருக்கும். காட்டிலிருந்து வந்தது என்றால் ரம்பத்தால் அறுத்த தட்டையான அடி, தண்டில் பாசி, சில சமயம் ஒட்டிக்கொண்டு வந்த சின்ன ஆர்க்கிட் வேர்கூட இருக்கும்.

கொடைக்கானல் சோலைகளில் உள்ள சயாத்தியா கிரினிட்டா என்ற இனம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. சயாத்தியா பேரினம் முழுவதும் அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காப்புக்காட்டில் தோண்டுவது எப்படியும் குற்றம்.

வில்லியனூர்_ராஜி:
நியாயம்தான், ஆனால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. வெட்டியது வெட்டியாகிவிட்டது. இவர் வாங்காவிட்டால் அது வண்டியிலேயே காயும். டாஸ்மேனியாவில், மரம் வெட்டப்போகும் காட்டிலிருந்து மரப்பெரணிகளை எடுத்து, தண்டுக்குத் தண்டு அரசுச் சீட்டு கட்டி விற்கிறார்கள். காட்டுத் தண்டு என்றாலே பாவம் என்று சொல்லிவிட முடியுமா?

சோலைக்காடு:
ராஜி அக்கா, அங்கே விற்பது டிக்சோனியா அன்டார்டிகா என்ற வேறொரு மரப்பெரணி. அதன் தண்டு முழுக்க வேர்ப்பின்னல், அறுத்து நட்டாலும் வேர் பிடிக்கும். நம் சயாத்தியாவுக்கு அந்தக் குணம் இல்லை. டிக்சோனியா குளிர்நாட்டுச் செடி, புதுச்சேரியின் இரவுப் புழுக்கத்தில் தாங்காது. அது வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் உயரும். இடுப்பளவு வர எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சீட்டு இருப்பதால்தான் அங்கே எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்க முடிகிறது. இந்த வியாபாரியிடம் ஒரு ரசீதாவது கேட்டுப் பாருங்கள். ஒன்று விற்றுப்போனால் அடுத்த வண்டியில் நான்கு வரும்.

கடலூர்_முந்திரி:
எங்கே வாங்குவது என்றே பேசுகிறீர்கள், தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிவிட்டது. பெரணிக்கு உப்புத் தண்ணீர் விட்டால் முதலில் இலை நுனி பழுப்பாகும், பிறகு ஓரம் முழுக்கச் சுருளும். கத்திரி வெயிலில் கடல் காற்று வரத் தாமதமாகும் நாட்களில் மேற்கிலிருந்து அனல் அடிக்கும். அப்போது இரண்டு வேளை தண்டை நனைக்க வேண்டும். தெருவில் குடத்தோடு நிற்கும் ஊரில் ஒரு அழகுச் செடிக்கு இவ்வளவா? 2011 டிசம்பர் 30 அன்று அடித்த 'தானே' புயலில் எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போனதைப் பார்த்தவன் நான். இந்த மண்ணில் நிற்கும் செடிகளைத்தான் வைக்க வேண்டும் என்பேன்.

வில்லியனூர்_ராஜி:
அண்ணா, அது திறந்த வயல். முற்றம் வேறு. நாலு பக்கமும் சுவர் இருந்தால் அனல் காற்று உள்ளே வராது. கிணற்றடியில் எப்போதும் ஈரம். உங்கள் ஊர்க் கிணற்றுச் சுவரிலேயே சின்னப் பெரணி தானாக முளைத்திருக்கும், பாருங்கள். 75 சதவீத நிழல்வலை, உப்புக் கழுவிய தேங்காய் நார்த்தூள், மாடி மழைநீர் இருந்தால் முடியும். ஆனால் இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம், அதில் உங்கள் பக்கம்தான் நான். அறுத்த தண்டு விஷயத்திலும் சோலைக்காடு சொல்வதை ஏற்கிறேன். அது இங்கே பிழைக்காது என்றால் காப்பாற்றுகிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முற்றம்_புதுவை:
வியாபாரியிடம் அடியைக் காட்டச் சொன்னேன். தட்டையாக அறுத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரி, முதலிலிருந்து வளர்ப்பது என்றால் எப்படி?

சோலைக்காடு:
ஸ்போரிலிருந்து, அதாவது பெரணி விதைக்குப் பதிலாக விடும் நுண்தூளிலிருந்து. நர்சரியில் வளர்ந்த தாய்ச்செடி வைத்திருப்பவரிடம், இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் முற்றிய ஒரு துண்டு கேளுங்கள். காகிதத்தில் மடித்து வைத்தால் ஓரிரு நாளில் பழுப்புத் தூள் உதிரும். நார்த்தூளில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, மேலே தூவுங்கள், மூடாதீர்கள். டப்பாவுக்குக் கண்ணாடி மூடி, வெயில் நேராகப் படாத வெளிச்சம். சில வாரங்களில் பச்சைப் படலம் வரும், பிறகு நகக்கண் அளவு இதய வடிவத் தகடுகள். இந்தக் கட்டத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள், பாசி என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். தகடுகளின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் கருவுறும், ஆகவே வாரத்துக்கு ஒருமுறை மழைநீரைப் புகையாகத் தெளியுங்கள். குட்டி இலை வந்ததும் மூடியை மெதுவாகத் திறந்து பழக்குங்கள். தண்டு என்று சொல்லும்படி வரப் பல வருடம் ஆகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் ஆரம்பித்தால் கோடைக்குள் கொஞ்சம் வலுவாகும்.

ஆஸ்திரேலியச் சயாத்தியா கூப்பரி வேகமாக வளரும், நர்சரிகளில் அதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஹவாய்க் காடுகளில் அது களையாகப் பரவியிருக்கிறது. நம் கடலோர வறட்சியில் அந்தப் பயம் குறைவு. மலை ஊரில் இருக்கும் உறவினருக்கு மட்டும் கன்று கொடுத்து அனுப்பாதீர்கள்.

கடலூர்_முந்திரி:
இந்த வழி என்றால் எனக்கு ஆட்சேபம் பாதிதான். மீதிப் பாதி தண்ணீர். ஸ்போர் தூவும் முன் கிணற்றுத் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பாருங்கள், அதுவும் மே மாதத்தில். மழைக்காலத்தில் பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.