கிரகணப் பேச்சும் என் மகளும்: வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் மதுரைப் பக்கம். மகளுக்கு எட்டு வயது. பிறவியிலேயே மேலுதட்டிலும் அண்ணத்திலும் பிளவு. கைக்குழந்தையாக இருந்தபோதே அறுவை சிகிச்சைகள் முடிந்துவிட்டன. இப்போது மூக்கடியில் மெல்லிய தழும்பு, பேச்சில் கொஞ்சம் மூக்கொலி, அவ்வளவுதான்.

என் கவலை ஊர் வாயைப் பற்றியது. "மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்று மாமியார் இன்றும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறார். மேலுதடு உருவாவது கர்ப்பத்தின் 4 முதல் 7 வாரங்களுக்குள்; பலருக்கு அப்போது கரு தங்கியதே தெரிந்திருக்காது. சொன்னால் யார் கேட்கிறார்கள்! இப்போது மகளே, "நீ ஏம்மா கிரகணம் பார்த்தாய்?" என்கிறாள். புகைப்படம் எடுத்தால் துப்பட்டா நுனியால் வாயை மூடிக்கொள்கிறாள். விடை தெரிந்தும் வகுப்பில் எழுந்து சொல்வதில்லையாம்.

பிளவோடு பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். அந்த வயதில் பெற்றோர் சொன்ன எது உதவியது, எது உறுத்தியது? வகுப்பில் ஆசிரியை இதைப் பற்றிப் பேசினால் நல்லதா, அவளை இன்னும் தனித்துக் காட்டிவிடுமா? தென்மாவட்டங்களில் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர், பேச்சுப் பயிற்சியாளர் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் மட்டும் வேண்டாம். அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.