கண்ணபுரம் சந்தையில் துண்டுக்கடியில் பேசிய விலை

காங்கேயம் மாடு வாங்க எங்கள் பக்கத்தில் கண்ணபுரம் சந்தைக்குத்தான் போவார்கள். சித்திரையில் மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும். மாமாவின் வண்டி ஜோடியில் ஒரு மாடு தவறிவிட்டது. வலத்து மாடு ஒன்று மட்டும் வேண்டும். நுகத்தில் வலப்பக்கம் பழகிய மாட்டை இடப்பக்கம் பூட்டினால் இழுத்துத் தள்ளிவிடும். அதனால் போன இடமெல்லாம், "வலத்துங்களா, இடத்துங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

அப்புறம் பல். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே 8 பல். சுமார் 2 வயதில் பால்பல் விழுந்து முதல் ஜோடி முளைக்கும். அதிலிருந்து ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று கணக்கு. எட்டும் முளைத்துவிட்டால் 'கடை சேர்ந்தது'. அதற்கு மேல் வயதைத் தேய்மானத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். மாட்டின் உடம்பில் முடி சுழித்திருக்கும் சுழியும் பார்த்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் சுழி சரியில்லாத மாட்டுக்கு விலை இறங்குவது உண்மை.

விலைப் பேச்சுதான் பார்க்க வேண்டியது. தரகர் தோள்துண்டை உதறி மாமாவின் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தார். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். மாமா, "கட்டாதுங்க" என்று கையை உருவினார். தரகர் விடவில்லை, மறுபடியும் இழுத்துப் பிடித்தார். சுற்றி நின்ற எங்களுக்கு முகம் மட்டும்தான் தெரிந்தது.

இந்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குறைச்சலாகக் கேட்டது பத்துப் பேர் காதில் விழுந்தால், அடுத்து வருகிறவரும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார். விற்கிறவர் பாடு திண்டாட்டம். ஆனால் தரகர் இரண்டு பக்கமும் வேறு வேறு விலை சொல்லவும் இதில் வழி உண்டு. மாமா அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடைசியில், "மாட்டுக்காரரே கையைக் கொடுங்க" என்று நேரே பிடித்து முடித்தார். தரகை மட்டும் தனியாகக் கொடுத்தார். புதிதாக வாங்கப் போகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

அச்சாரம் கை மாறியதும் மாட்டுக்காரர் தம் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டார். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கமாட்டார்கள். கயிற்றோடு பட்டியின் ராசியும் போய்விடும் என்பார்கள். மாமா கொண்டுபோன புதுக்கயிற்றைக் கட்டினார். "பருத்திக்கொட்டை ஆட்டி வைங்க, வெறும் தவிடுன்னா வாய் வைக்காதுங்க" என்று மாட்டுக்காரர் இரண்டு முறை சொன்னார். மீதிப் பணத்தை அதற்கப்புறம்தான் எண்ணினார்.