கலைச்சொல் வேண்டும்: தனக்குத்தானே நாடான ஒன்று காட்டைக் காத்தால் அந்த அமைப்புக்கு என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

'மைக்ரோநேஷன்' பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒருவரோ சிறு கூட்டமோ தம் தோட்டத்தையோ, ஆளில்லாத தீவையோ, கைவிட்ட கடல்மேடையையோ காட்டி "இது தனி நாடு" என்று அறிவித்துக்கொள்வார்கள். கொடி, அஞ்சல்தலை, அமைச்சரவை எல்லாம் இருக்கும். எந்த அரசும் ஏற்காது. வட கடலில், போர்க்கால மேடை ஒன்றின்மேல் 1967-இல் அறிவிக்கப்பட்ட சீலாந்து உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

இதுவரை 'குறுநாடு' என்று எழுதி ஒப்பேற்றிவிட்டேன். இப்போது சிக்கிக்கொண்டேன். இவற்றில் சில, இயற்கையைக் காப்பதே தம் வேலை என்கின்றன. நிலப்பகுதிகளை 'புரொடெக்டெட் ஏரியா' என்று அறிவித்து நிர்வகிக்க அத்தகைய நாடு வைத்துக்கொள்ளும் 'ஏஜென்சி'யைப் பற்றிக் கட்டுரையாசிரியர் ஏழெட்டு இடங்களில் பேசுகிறார். என் வரைவு இது:

"குறுநாட்டின் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளை உருவாக்குவதற்கும் நிர்வகிப்பதற்குமான முகமை."

வாய்விட்டுப் படித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. இது சொல் அல்ல, சொத்துப் பத்திரம். இரண்டு சொற்களுக்குள், போனால் போகிறதென்று மூன்றுக்குள், ஏதாவது கிடைக்குமா?

அன்புடன்,
கோவையிலிருந்து

---

> இதுவரை 'குறுநாடு' என்று எழுதி ஒப்பேற்றிவிட்டேன்.

'குறுநாடு' வேண்டாம் அம்மா. மொனாக்கோ, சான் மரீனோ, நவூரு ஆகியவை பரப்பில் சிறியவை, ஆனால் ஐ.நா. அவையில் இருக்கை உள்ளவை. குறுநாடு என்ற சொல் அவற்றுக்கு வேண்டும். அதோடு, குறுநில மன்னர் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பாரியையும் சீலாந்தையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை 'நுண்ணாடு'. தண் + நீர் = தண்ணீர் என்பதுபோல நுண் + நாடு = நுண்ணாடு. சுருக்கம், புணர்ச்சிப் பிழையும் இல்லை.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

---

ஐயா, நுண் + ஆடு என்றாலும் நுண்ணாடுதான். 'நுண்ணாடுகள் காடுகளைக் காக்கின்றன' என்று தலைப்பு வந்தால் வனத்துறையினர் சிரிப்பார்கள். ஆட்டிடமிருந்து காட்டைக் காப்பதுதானே அவர்கள் வேலை!

(சென்னை)

---

ஆட்டுக்கு நன்றி. காலையிலிருந்து அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம். அகராதியைப் புரட்டி 'மைக்ரோ'வுக்கு ஒன்று, 'ஏஜென்சி'க்கு ஒன்று என்று கோத்தால் இப்படித்தான் ஆடு வரும்.

சுவீடனின் தென்மேற்குக் கரையில் குல்லாபெர்க் என்ற இடம், அரசு காக்கும் இயற்கைப் பகுதி. லார்ஸ் வில்க்ஸ் என்ற கலைஞர் 1980-இல் அங்கே ஒரு பாறைக் கரையில், கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளை ஆணியடித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றத் தொடங்கினார். நிமிஸ் என்று பெயர் வைத்தார். இலத்தீனில் 'அளவுக்கு மிஞ்சியது' என்று பொருள். மிஞ்சத்தான் செய்தது: சுமார் 75 டன் மரம். எளிதில் இறங்க முடியாத கரை என்பதால் இரண்டாண்டு கழித்துத்தான் அதிகாரிகளின் கண்ணில் பட்டது. இயற்கைப் பகுதிக்குள் கட்டடம் கூடாது, இடித்துவிடு என்றார்கள். இவர், அது கட்டடமே அல்ல, சிற்பம் என்றார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. நடுவில் யோசப் பாய்ஸ் என்ற புகழ்பெற்ற ஜெர்மானியக் கலைஞர் நிமிஸை விலைக்கு வாங்கினார். கடைசியில் 1996-இல் வில்க்ஸ் நிமிஸைச் சுற்றிய ஒரு சதுர கிலோமீட்டரை 'லடோனியா' என்ற தனி நாடாக அறிவித்துவிட்டார்.

இன்றும் வேலியிலும் மரத்திலும் மஞ்சள் நிறத்தில் தீட்டிய ஆங்கில 'N' எழுத்தைப் பார்த்துக்கொண்டே போனால்தான் அந்தக் கரைக்கு இறங்க முடியும். கொடி முழுக்கப் பச்சை. நீலமும் மஞ்சளுமான சுவீடன் கொடியை வேகவைத்தால் அந்த நிறம் வருமாம். விளையாட்டு என்று தெரியாமல், அங்கே குடியேற விரும்பிப் பாகிஸ்தானிலிருந்து சுமார் 3000 பேர் விண்ணப்பித்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் கேள்விக்கு லடோனியா ஏன் முக்கியம் என்றால், அங்கே ஒரே பாறைக்கு இரண்டு காவலர்கள். வில்க்ஸ் 1999-இல் அங்கே 1.61 மீட்டர் உயரத்தில் கல்லாலும் சிமெண்டாலும் இன்னொரு சிற்பம் எழுப்பினார். 2001 டிசம்பரில் அதிகாரிகள் பாரந்தூக்கியுடன் படகில் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் நினைவுச் சின்னமாவது வைக்கிறேன் என்று இவர் விண்ணப்பித்தார். அனுமதி கிடைத்தது, 8 சென்டிமீட்டருக்கு. ஓர் ஆள்காட்டி விரல் உயரம்! அறிவிக்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு, படகு அனுப்புகிற வலிமை அரசுக்கு மட்டும்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிரானது பெல்ஜியத்தைச் சேர்ந்த நீல்ஸ் வெர்மேர்ஷ் 2008-இல் தொடங்கிய ஃபிளாண்ட்ரென்சிஸ். மேற்கு அண்டார்க்டிகாவில் சில பனித்தீவுகளைத் தன்னுடையவை என்கிறது. அங்கே யாரும் குடியேறக் கூடாது, நிலம் இயற்கைக்கே என்பதுதான் அதன் கொள்கை. அண்டார்க்டிகாவில் புதிதாக யாரும் உரிமை கோரக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. அது அரசுகளைத்தானே கட்டுப்படுத்தும், நான் தனி ஆள் ஆயிற்றே என்பது இவர் வாதம். சட்டத்தின் முன் நிற்காது. ஆனால் குறும்பு ரசிக்கத்தக்கது. ஒரு நாட்டுக்கு நிலையான மக்கள் வேண்டும் என்கிறது 1933-ஆம் ஆண்டு மொண்டெவிடியோ உடன்படிக்கை. இவரோ மக்களே வராமல் இருப்பதற்காக நாடு வைத்திருக்கிறார்.

சிலியில் கிரீன்பீஸ் அமைப்பினர் 2014-இல் 'பனியாற்றுக் குடியரசு' அறிவித்ததும் இதே வகைதான். பனியாறுகள் யாருக்குச் சொந்தம் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்லாமல் விட்ட ஓட்டைக்குள் கொடியை நட்டார்கள். சுரங்கத் தொழிலிடமிருந்து பனியாறுகளைக் காக்கச் சட்டம் கொண்டுவாருங்கள் என்பது கோரிக்கை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'பாதுகாக்கப்பட்ட' என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல் 'பாதுகாக்கப்பட்ட குடிநீர்' என்ற தொடருக்கு என்றோ பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதோடு, வேலை முடிந்துவிட்டது என்ற தொனி வேறு. 'காப்பகம்' முதுமலைப் புலிகளுக்குப் பழகிவிட்டது. ஆனால் குழந்தைகள் காப்பகம், முதியோர் காப்பகம் என்ற பலகைகளைத் தாண்டித்தான் காட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது. 'சரணாலயம்' வேடந்தாங்கல் பறவைக்குச் சரி, பனியாறு யாரிடம் சரணடைவது? 'காப்புக்காடு' அருமையான சொல். ஆனால் அது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ் வரும் குறிப்பிட்ட ஒரு வகைக்கு உரியது. தவிர, எல்லா இடமும் காடு அல்ல.

ஆகவே 'காப்பிடம்'. காடு, கடல், பாறை, பனி எதற்கும் பொருந்தும்.

இவர்களால்தான் காக்க முடியாதே, 'காப்பு' என்று எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். நானும் இரண்டு நாள் அங்கேயே நின்றேன். 'பேணிடம்' என்று வைக்கலாமா என்றுகூட எழுதிப் பார்த்தேன். பிறகு எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா நினைவுக்கு வந்தது. காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கிழங்கு முடிந்த ஒரு கயிறுதான். கட்டியவர் காப்பு அவிழ்க்கும் வரை வெளியூரில் இராத் தங்கமாட்டார், கறி தொடமாட்டார். எந்தக் காவலரும் வந்து எண்ணிப் பார்ப்பதில்லை. 'காப்பு' என்ற சொல்லுக்குள் காவலும் இருக்கிறது, தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டும் இருக்கிறது. சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்களே, அது இரண்டாம் வகைக் காப்பு. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமும் 2008-இல் தந்த வரையறையில் 'சட்டத்தாலோ வேறு பயனுள்ள வழியாலோ' காக்கப்படும் இடம் என்றுதான் சொல்கிறது.

'உருவாக்குதல்' வேண்டாம். காட்டை அமைப்பா உருவாக்கியது? காப்பிடத்தை அறிவிக்கிறார்கள், பேணுகிறார்கள். 'அறிவித்தல், பேணல்' போதும்.

'ஏஜென்சி'க்கு முகமை என்பது இன்னொருவர் சார்பில் நிற்பவரைக் குறிக்கிறது. இங்கே யார் சார்பில்? 'ஆணையம்' என்றால் ஆணை ஒன்று வேண்டும். அதைக் கேட்பதற்கு ஆள் வேண்டும். நான் 'வாரியம்' என்பேன். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919, 921-ஆம் ஆண்டுகளிலேயே ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இருக்கின்றன. குடவோலையில் பெயர் வந்தவர்கள் ஓராண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள். நிலத்தையும் நீரையும் பேணும் சிறு குழுவுக்கு இதைவிடப் பழகிய சொல் நம்மிடம் இல்லை.

நாட்டுக்கு 'தன்னறிவிப்பு நாடு'. சிறியது என்பது அதன் இலக்கணம் அல்ல. ஃபிளாண்ட்ரென்சிஸ் கோரும் பனிப்பரப்பு மொனாக்கோவைவிட எவ்வளவோ பெரியது. தானே அறிவித்துக்கொண்டது என்பதுதான் இலக்கணம்.

ஆகத் 'தன்னறிவிப்பு நாட்டுக் காப்பிட வாரியம்'. ஒருமுறை இப்படி எழுதிவிட்டால் பிறகு 'காப்பிட வாரியம்' போதும். இரண்டே சொல்.

தஞ்சையிலிருந்து

---

> நான் 'வாரியம்' என்பேன்.

கல்வெட்டு இருக்கட்டும். இன்று வாரியம் என்றால் மின்வாரியம், வீட்டுவசதி வாரியம். வரிசை, விண்ணப்பம், "அடுத்த வாரம் வாருங்கள்". மூன்று பேர் மின்னஞ்சலில் நடத்தும் ஓர் அமைப்புக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தால், படிப்பவர் அங்கே கட்டடமும் கோப்பும் இருப்பதாக நம்பிவிடுவார். 'கழகம்' அல்லது 'குழு' என்பதே நேர்மை. விளையாட்டை விளையாட்டு என்று சொல்லும் கடமை மொழிபெயர்ப்பாளருக்கு உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து

---

> விளையாட்டை விளையாட்டு என்று சொல்லும் கடமை

இங்கேதான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. லடோனியாவில் அமைச்சர்கள் இருக்கிறார்கள். 'அமைச்சர் என்று சொல்லிக்கொள்பவர்' என்று ஒவ்வோர் இடத்திலும் எழுதுவீர்களா? 'தன்னறிவிப்பு' என்று முன்னால் ஒருமுறை சொன்னாயிற்று. ஐயம் முழுவதையும் அந்தச் சொல் சுமக்கட்டும். அதன் கீழே வருவதை அவர்கள் அழைக்கிறபடியே அழைக்கலாம். நாடகத்தில் ராஜா வேடம் கட்டியவரை மேடை இறங்கும்வரை ராஜா என்றுதானே கூப்பிடுகிறோம்? பொருள் பற்றிய தீர்ப்பைக் கட்டுரையில் எழுதுங்கள், கலைச்சொல்லுக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

மின்வாரியம் பற்றிச் சொன்னதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

தஞ்சையிலிருந்து

---

அனைவருக்கும் நன்றி.

நேற்றிரவு உட்கார்ந்து ஏழெட்டு இடங்களிலும் மாற்றிப் பார்த்தேன். "அந்தத் தன்னறிவிப்பு நாட்டின் காப்பிட வாரியம் இவ்வாண்டு மேலும் இரண்டு காப்பிடங்களை அறிவித்தது." முட்டாமல் ஓடுகிறது. என் தாயாரிடம் படித்துக் காட்டினேன். 'காப்பிடம்' என்றதும் விளக்கம் கேட்கவில்லை, 'வாரியம்' என்றதும் "அங்கேயும் லஞ்சம் உண்டா?" என்றார். யாழ்ப்பாணத்து நண்பருக்கு அரை வெற்றி. ஆனாலும் வாரியத்தையே வைத்துக்கொள்கிறேன். 'கழகம்' என்றால் இங்கே கட்சி ஞாபகம் வருகிறது.

மதுரை ஐயா மனம் வருந்தக் கூடாது. 'நுண்ணாடு' அடிக்குறிப்பில் இருக்கும், ஆட்டுடன்.

அடுத்த சிக்கல் அடுத்த பத்தியிலேயே காத்திருந்தது. காப்பிடத்தைச் சுற்றிப் பார்த்துக் காக்கும் 'ரேஞ்சர்'. வனச்சரகர், வனக்காவலர் என்று நம்மிடம் இருப்பவை எல்லாம் காட்டை நம்பியவை. ஒரு மரம்கூட இல்லாத பனித்தீவுக்கு எப்படி வனக்காவலர்? 'காப்பாளர்' என்று எழுதினால் மாணவர் விடுதி நினைவுக்கு வருகிறது. ஃபிளாண்ட்ரென்சிஸ் போன்ற நாட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அந்தத் தீவுக்குப் போகாமல் இருப்பதே அவர் வேலையாகவும் இருக்கும்.

இதற்குத் தனி இழை தொடங்குகிறேன். தஞ்சை நண்பர் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

கோவையிலிருந்து