புதுப்பிப்பு: ஆவுளியா (கடல்பசு) தேடிப் போன கதை
"மன்னார் வளைகுடாத் தீவுல கூடாரம் போட்டு ஆவுளியா பாக்கலாமா?"ன்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, போயிட்டு வந்துட்டோம். கூடாரம் மதுரை வீட்டுப் பரண்லயேதான் கிடக்கு. அங்க 21 தீவும் தேசியப் பூங்கா, ராத்தங்க விடமாட்டாங்க.

மாட்டுத்தாவணியில விடியக்காலை பஸ் ஏறி, ராமநாதபுரத்துல மாறி, காரங்காட்டுல வனத்துறைப் படகுல போனோம். ஆவுளியா மூக்குகூடத் தெரியலை. 2022-ல அதுக்குன்னு அறிவிச்ச 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் இன்னும் வடக்க, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம். இதக்கூடப் பாக்காமக் கிளம்பினது எங்க தப்பு.

"மூச்சு விட மட்டுந்தான்க்கா மேல வரும்"னாரு படகுக்கார அண்ணன். அலையாத்தி மரத்து இலையில பொடிப்பொடியா வெள்ளையா என்னமோ. வீட்டுக்காரர் குனிஞ்சு நக்கிப் பாத்துட்டு, "ஏய், உப்புடி!"ன்னாரு.