பக்கெட்டில் ஒரு சிலந்தி: விடுதி நாட்களில் கண்டும் காணாமல் விட்டவை

தெற்கு விடுதி

என் பழைய அறைத்தோழன் நலமாக இருக்கிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் பதற வேண்டாம்.

பொறியியல், நான்காவது செமஸ்டர், மூன்று பேர் அறை. எங்கள் விடுதியில் காலை ஆறிலிருந்து ஏழு வரைதான் தண்ணீர். விட்டால் போயிற்று. அன்று என் பக்கெட்டின் கைப்பிடி கழன்றுவிட்டது. அவசரத்துக்கு அறைத்தோழனுடையதைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன். உள்ளே சிலந்தி வலை. ஏதோ ஓர் இழை இரண்டு இழை இல்லை. மக்கின் காதிலிருந்து பக்கெட்டின் விளிம்பு வரை நெருக்கமாகக் கட்டி, நடுவில் வீட்டுக்காரரைப் போல ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. அடியில் உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளை வளையம்.

எத்தனை நாளாக அவன் குளிக்கவில்லை என்று நான் கணக்குப் போடவில்லை. போர்வைக்குள் விழித்துத்தான் கிடந்தான். "டேய், உன் பக்கெட்டில் யாரோ குடிவந்திருக்கிறார்கள், வாடகையாவது வாங்கு" என்றேன். சிரித்தான். நான் வலையை வழித்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்க ஓடிவிட்டேன்.

அடுத்த வாரம் அவன் அப்பா வந்து பெட்டி படுக்கையோடு அழைத்துப் போனார். மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்னாராம். ஆறு வருடம் ஆகிறது. அவன் சிரித்தது சிரிப்புத்தானா, நான் சங்கடப்படக் கூடாது என்று உதட்டை இழுத்தானா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஒன்று இருக்கிறதா? இருந்தால் கீழே எழுதுங்கள், என்னைப் போலப் புனைபெயரில் எழுதினாலும் சரி.

காவிரிக்கரை

நான் போர்வைக்குள் இருந்தவள் கட்சி.

முதுகலை முதல் வருடம். குளியல் நிற்கவில்லை, சாப்பாடுதான் நின்றது. பசி இல்லாமல் இல்லை. மெஸ்ஸில் தட்டோடு நின்று எந்த மேசையில் உட்காருவது என்று தேடும் அந்த அரை நிமிடத்துக்குப் பயந்தேன். அறையிலேயே பால் பிஸ்கட், கெட்டிலில் போட்ட டீ. பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாது என்று தலையணைக்கு அடியில் வைத்துப் பிரிப்பேன்.

ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் இருக்காது என்று வெந்நீருக்காக மட்டும் போனேன். அடுப்படி அண்ணன் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "பாப்பா, திங்கட்கிழமையிலிருந்து உன் தட்டு விழவில்லையே" என்றார். இருநூறு பேர் சாப்பிடும் இடம் அது. கையைக் கழுவிவிட்டு மிச்ச மாவில் ஒரு தோசை ஊற்றினார். ஓரமெல்லாம் கருகிய தோசை. நின்றுகொண்டே தின்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

என்னோடு ஒரே வகுப்பில் இருந்த நாற்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை என்று குறை சொல்லலாம்தான். ஆனால் நானும் வேறு யாரையும் கேட்டதில்லை.

94 பேட்ச்

தம்பி தங்கைகளுக்கு வணக்கம். என் மகன் வெளியூரில் படித்தான். தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பேசுவோம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். படித்தாயா, படித்தேன். எட்டு மாதம் கழித்து வருகைப்பதிவு குறைவு என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பாதி நாள் வகுப்புக்கே போகவில்லை. அது இருக்கட்டும்.

பிரச்சினை எங்கே இருக்கிறது என்றால் ஒழுங்கில். நாங்கள் விடுதியில் இருந்த காலத்தில் ஐந்து மணிக்கு எழுந்து மைதானத்தில் நான்கு சுற்று ஓடுவோம். பச்சைத் தண்ணீரில்தான் குளியல். இன்று இரவு இரண்டு மணி வரை செல்போன், காலை பத்து மணிக்குப் பல் துலக்கல். மனம் எப்படி நன்றாக இருக்கும்? ஒன்பது மணிக்கு மேல் செல்போனை வார்டனிடம் ஒப்படைக்க வேண்டும். படுக்கை விரிப்பை எழுந்தவுடன் மடிக்க வேண்டும். வாரம் மூன்று நாள் கீரை. காலை வெயிலில் இருபது நிமிடம் நிற்க வேண்டும். பரோட்டாவை விட வேண்டும். வீட்டுக்குக் கையால் கடிதம் எழுதலாம், மனப்பாரம் குறையும். நாட்குறிப்பு எழுதலாம். துணியை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஊற வைக்காமல் அன்றன்று துவைத்தால் அதுவே உடற்பயிற்சி. இருபத்தோரு நாள் இப்படி இருந்து பாருங்கள், எந்தச் சோர்வும் அண்டாது.

இரவு மூன்று மணி

ஐயா, செல்போனைப் பிடுங்கினால் தூக்கம் வந்துவிடும் என்பது உங்கள் நம்பிக்கை. எங்கள் விடுதியில் ஒரு செமஸ்டர் வாங்கி வைத்துப் பார்த்தார்கள். நான் மின்விசிறியை எண்ணிக்கொண்டு கிடந்தேன். மூன்று இறக்கை.

என் கதை இதுதான். தேர்வுக் காலத்தில் இரவு பத்து மணிக்குக் காபி, பன்னிரண்டுக்கு இன்னொன்று. குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்று அப்போது தெரியாது. விடியும்போதுதான் கண் செருகும். ஒருநாள் மின்சாரம் நின்று, வியர்த்து, விழித்தேன். மதியம் மணி ஒன்று நாற்பது. பத்து மணித் தேர்வு. ஹால் டிக்கெட் நெஞ்சின் மேல் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மறக்கக் கூடாது என்று நானே கையில் பிடித்துக்கொண்டு படுத்தது. அதை உரித்து எடுத்தபோது மையிலிருந்த என் பெயர் தோலில் தலைகீழாகப் பதிந்திருந்தது.

அரியர் எழுதித் தேறிவிட்டேன். அதைச் சொல்ல வரவில்லை. ஒழுங்கில்லாதவன் ஹால் டிக்கெட்டைக் கட்டிக்கொண்டு தூங்குவானா என்பதுதான் என் கேள்வி.

ஹவுஸ் சர்ஜன்

இரண்டு பேருக்கும் நடுவே வருகிறேன். பழக்கம் கெட்டதால் மனம் கெட்டதா, மனம் கெட்டதால் பழக்கம் கெட்டதா என்றால், இரண்டு பக்கமும் பாயும். ஐயா சொல்லும் வெயிலும் நடையும் தவறில்லை, சிகிச்சையிலேயே அவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் எழுந்து நிற்கவே முடியாதவனிடம் நான்கு சுற்று ஓடு என்பது, கால் முறிந்தவனிடம் நடந்து வந்து கட்டுப் போட்டுக்கொள் என்பதற்குச் சமம். அந்த இருபத்தோரு நாள் கணக்குக்கும் மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் இதே அசதி வரும், அதையும் பார்த்துவிட வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். ஐந்தாம் நாளே பயனில்லை என்று விடுவதும், தெளிந்ததும் தானாக நிறுத்துவதும்தான் நான் அதிகம் பார்ப்பவை. நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

பார்த்தீர்களா, நானும் பாடம் எடுக்கிறேன். சொல்ல வந்தது வேறு. மூன்றாமாண்டில் எனக்கே தேவைப்பட்டது. எங்கள் மருத்துவமனையில் காட்டினால் பேராசிரியர்கள் பார்ப்பார்கள் என்று பஸ் ஏறி அடுத்த மாவட்டத்துக்குப் போனேன். மனநலப் பிரிவு வாசலில் நீள பெஞ்சு. எதிர்ப் பெஞ்சில் என் ஜூனியர். அவனும் என்னைப் போலவே இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். நான் ஓ.பி. சீட்டைக் கவிழ்த்துப் பிடித்தேன். அவனும் கவிழ்த்தான். நாற்பது நிமிடம் எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்தோம். திரும்பும்போது ஒரே பஸ். அவன் முன்பக்கம், நான் பின்பக்கம். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

படலையடி

நான் வவுனியா. 2020இல் வளாகம் மூடி விரிவுரைகள் எல்லாம் இணையவழி. படுக்கையிலிருந்தபடியே கேட்பேன், இரவுடுப்போடு. ஒரு கட்டத்தில் கேட்பதும் நின்றது. அம்மா திட்டவில்லை. "கம்பஸுக்குப் போகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு படலை வரை போய்விட்டு வா" என்றார். படலை என்றால் எங்கள் ஊரில் வெளிவாசல் கதவு. தோளில் பையோடு படலை வரை நடந்து, திரும்பி வந்து, கதிரையில் அமர்வேன். முன்வீட்டு மாமா முதல் வாரம் சிரித்தார். இரண்டாம் வாரத்திலிருந்து "என்ன பிள்ளை, பஸ் கிடைத்ததா?" என்று கேட்கத் தொடங்கினார்.

94 பேட்ச் ஐயா சொல்வதில் பாதியை என் அம்மாவும் சொன்னார்தான். ஆனால் அம்மா ஒரு நேரத்தில் ஒன்றுதான் சொன்னார். இலங்கையில் இருப்பவர்களுக்கு மனநல உதவி எண் 1926.

94 பேட்ச்

எல்லோருமாகச் சேர்ந்து என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள். பரவாயில்லை. பரோட்டாவைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. "சாப்பிட்டாயா" என்று தகப்பன் கேட்கக் கூடாதென்றால், வேறு என்னதான் கேட்பதாம்?

காவிரிக்கரை

என்ன குழம்பு என்று கேளுங்கள் ஐயா. சாப்பிடாதவனுக்குச் சட்டென்று வாயில் வராது.

தெற்கு விடுதி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவன் அப்பா பெட்டியை எடுத்தார், படுக்கையை எடுத்தார், பக்கெட்டை எடுக்கவில்லை. நீல நிறம். மீதி இரண்டு வருடமும் நான்தான் அதில் குளித்தேன். இப்போது எங்கள் வீட்டு மாடியில் அம்மா கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார்.

நேற்று இரவு இதையெல்லாம் படித்துவிட்டு அவனை அழைத்தேன். வேலைக்குப் போகிறான், மாத்திரை இன்னும் ஒன்று போகிறது என்றான். பக்கெட் என்னிடம்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன், வேறு எதையும் எடுக்கவில்லை.

"அந்தச் சிலந்தியிடம் வாடகை வாங்கினாயா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சிரித்தேன்.